ஆபீஸ் லேப்டாப் இருக்கும்போது வீட்டுக் கம்ப்யூட்டர் எதற்கு?

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களில் இரண்டு வகையினரைப் பார்க்கிறேன். நிறுவனம் கொடுத்த லேப்டாப்பிலேயே கரண்ட் பில் கட்டுவது முதல் குழந்தையின் போட்டோக்களைச் சேமிப்பது வரை எல்லாவற்றையும் செய்பவர்கள் முதல் வகை. நிறுவனம் எதுவும் தராததால், பிள்ளைகள் கேம்ஸ் விளையாடும் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே அலுவலக வேலையையும் பார்ப்பவர்கள் இரண்டாவது வகை. நான் சாப்ட்வேர் துறையில் இருப்பதால் உறவினர்களும் நண்பர்களும் கம்ப்யூட்டர் வாங்கும் முன் என்னிடம் கேட்பார்கள். "ஆபீஸ்லயே நல்ல லேப்டாப் குடுத்திருக்காங்களே, அதுக்கு மேல எதுக்கு இன்னொண்ணு?" என்பதுதான் அதிகம் வரும் கேள்வி.

கேள்வி நியாயமானதுதான். ஆபீஸ் லேப்டாப் பெரும்பாலும் நாம் வாங்குவதை விட வேகமானது. ஆனாலும் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். புதிதாக வாங்க வேண்டும் என்றில்லை, பரணில் இருக்கும் பழையது கூடப் போதலாம். காரணங்களைப் பார்ப்போம்.

இந்தக் குழப்பம் பெரிதானது 2020 மார்ச்சில். 25ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியபோது பல நிறுவனங்களிடம் எல்லாருக்கும் கொடுக்க லேப்டாப் இல்லை. டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்களை மானிட்டரோடு வண்டியில் ஏற்றி ஊழியர்களின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். அதுவும் கிடைக்காதவர்கள் வீட்டில் இருந்ததில் உட்கார்ந்தார்கள். அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு பல இடங்களில் அப்படியே பழக்கமாகிவிட்டது.

அந்த லேப்டாப்பின் உண்மையான சாவி யாரிடம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் பயன்படுத்துபவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற சொல்லை. ஒரு கம்ப்யூட்டரில் எந்த சாப்ட்வேர் இருக்கலாம், எது கூடாது, எந்தப் பைலை யார் திறக்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் உள்ளவர்தான் அட்மினிஸ்ட்ரேட்டர். நீங்கள் கடையில் வாங்கிய கம்ப்யூட்டரில் அது நீங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் அது நிறுவனத்தின் ஐடி பிரிவு. பாஸ்வேர்டை நீங்களே வைத்திருந்தாலும் அது உள்ளே நுழைவதற்கான அனுமதிச் சீட்டு மட்டும்தான். ஐடி பிரிவினர் நினைத்தால் எங்கிருந்தும் அதை ரத்து செய்யலாம், லேப்டாப்பைப் பூட்டலாம், முழுவதும் அழிக்கலாம்.

ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான். பெரும்பாலான நிறுவனங்கள் பிட்லாக்கர் போன்ற வசதியால் டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் எதையும் படிக்க முடியாது. அதைத் திறக்கும் 48 இலக்க எண் நிறுவனத்திடம் இருக்கும். இதே வசதி விண்டோஸ் 11 உள்ள பல புதிய வீட்டு லேப்டாப்களிலும் உண்டு. அங்கே அந்த எண் உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் இருக்கும். (இன்றே அதை ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். மதர்போர்டு பழுதானால் அந்த எண்ணைக் கேட்கும்.)

என்னவெல்லாம் பார்க்க முடியும்?

இதில் பயமும் அதிகம், அலட்சியமும் அதிகம். எல்லா நிறுவனங்களும் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. ஆனால் பார்க்க வசதி இருக்கிறது.

வி.பி.என். என்பது உங்கள் லேப்டாப்பிலிருந்து நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குப் போடப்படும் தனிக் குழாய் போன்றது. சில நிறுவனங்களில் அலுவலகத் தளங்கள் மட்டும் அந்தக் குழாய் வழியாகப் போகும். வேறு சிலவற்றில் யூடியூப் உட்பட எல்லாமே அதன் வழியாகத்தான் போகும். எந்தத் தளத்துக்கு எத்தனை மணிக்குப் போனீர்கள் என்பது அப்போது அங்கே பதிவாகும்.

பிரவுசரில் பூட்டுப் படம் இருக்கிறதே, இடையில் யாரும் படிக்க முடியாதே என்று கேட்கலாம். உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில் அது சரி. ஆபீஸ் லேப்டாப்பில் நிறுவனம் தன் சொந்தச் சான்றிதழை முன்கூட்டியே நிறுவியிருந்தால், இடையில் உள்ள அதன் கருவி அந்தப் பூட்டைத் திறந்து, சோதித்து, மறுபடி பூட்டி அனுப்பும். வைரஸ்களையும் ரகசியங்கள் வெளியே போவதையும் பிடிப்பதற்காகச் செய்வது இது. தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. ஏதாவது ஒரு பொதுத் தளத்தைத் திறந்து, முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சின்னத்தைக் க்ளிக் செய்து சான்றிதழைப் பாருங்கள். வழங்கியவர் என்ற இடத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயரோ, அது பயன்படுத்தும் பாதுகாப்பு சாப்ட்வேரின் பெயரோ இருந்தால் பூட்டு இடையில் திறக்கப்படுகிறது என்று பொருள்.

இன்காக்னிட்டோ விண்டோ இதற்கு உதவாது. அது அதே கம்ப்யூட்டரில் ஹிஸ்டரி தங்காமல் பார்த்துக்கொள்ளும். வெளியே போகும் வழியை அது மாற்றுவதில்லை.

குரோமில் மேல் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைக் க்ளிக் செய்து மெனுவின் கடைசி வரியைப் பாருங்கள். "மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்" என்று இருந்தால் பிரவுசரின் விதிகள் நிறுவனத்திடம் உள்ளன. சொந்தக் கம்ப்யூட்டரில் இந்த வரி தெரிந்தால் ஏன் என்று விசாரிக்க வேண்டும். சில ஆன்டி வைரஸ்களாலும் இது வரும், கெட்ட எக்ஸ்டென்ஷன்களாலும் வரும்.

தேவையில்லாத ஒரு பயத்தையும் தீர்த்துவிடுகிறேன். ஆபீஸ் லேப்டாப்பை வீட்டு வைபையில் இணைத்ததால் உங்கள் மனைவியின் போனில் நடப்பதெல்லாம் நிறுவனத்துக்குத் தெரிந்துவிடாது. அந்த லேப்டாப்பின் வி.பி.என். குழாயில் அந்த லேப்டாப்பின் போக்குவரத்து மட்டும்தான் போகும்.

பிரவுசரில் சொந்த அக்கவுண்ட்

பலரும் கவனிக்காத இடம் இது. ஆபீஸ் லேப்டாப்பில் குரோம் திறந்து, சொந்த ஜிமெயிலால் குரோமுக்குள்ளேயே சைன் இன் செய்துவிடுகிறார்கள். புக்மார்க், பாஸ்வேர்ட் எல்லாம் வீட்டிலும் ஆபீஸிலும் ஒன்றாக இருக்கும், வசதிதான். ஆனால் அந்த வசதி இரண்டு பக்கமும் வேலை செய்யும். உங்கள் பேங்க் பாஸ்வேர்ட் ஆபீஸ் லேப்டாப்புக்கு வரும். ஆபீஸ் பாஸ்வேர்ட் உங்கள் வீட்டுக்குப் போகும்.

இதனால் எவ்வளவு பெரிய கேடு வரும் என்பதற்கு ஆக்டா நிறுவனமே உதாரணம். மற்ற நிறுவனங்களின் ஊழியர்கள் லாகின் செய்வதற்கான சேவையைத் தருவதுதான் அதன் தொழில். 2023 செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் 17 வரை அதன் வாடிக்கையாளர் உதவிப் பிரிவின் கம்ப்யூட்டருக்குள் ஊடுருவல் நடந்தது. 134 வாடிக்கையாளர்களின் பைல்கள் பார்க்கப்பட்டதாக முதலில் அறிவித்தார்கள். காரணம் என்ன? ஊழியர் ஒருவர் நிறுவனம் கொடுத்த லேப்டாப்பின் குரோமில் தன் சொந்த கூகுள் அக்கவுண்டில் சைன் இன் செய்திருந்தார். முக்கியமான ஒரு யூசர் நேமும் பாஸ்வேர்டும் அந்தச் சொந்த அக்கவுண்டில் சேமிக்கப்பட்டிருந்தன. அந்த அக்கவுண்ட் அல்லது அவருடைய சொந்தச் சாதனம் வழியாகத்தான் அது திருட்டுப் போயிருக்க வேண்டும் என்று ஆக்டாவே சொன்னது. அதன் பிறகு நிறுவன லேப்டாப்களில் சொந்த கூகுள் அக்கவுண்டால் குரோமில் சைன் இன் செய்வதைத் தடுத்துவிட்டார்கள்.

ஆபீஸ் லேப்டாப்பில் சொந்த மெயிலை அவசரத்துக்குப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் வெப்சைட்டில் பார்த்துவிட்டு சைன் அவுட் செய்யுங்கள். பிரவுசருக்குள் அக்கவுண்டைச் சேர்க்காதீர்கள். பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று கேட்டால் "நெவர்" தேர்ந்தெடுங்கள். போன் கையில்தானே இருக்கிறது, அதில் பார்ப்பது இன்னும் நல்லது.

லேப்டாப் திரும்பிப் போகும் நாள்

எனக்குத் தெரிந்த ஒருவர் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஒரே நிறுவனத்தில் இருந்தார். ஆட்குறைப்பில் அவர் பெயரும் வந்தது. காலையில் வீடியோ கால், பதினைந்து நிமிடம். கால் முடிவதற்குள் லேப்டாப் பூட்டிக்கொண்டது. அலுவலகம் சம்பந்தப்பட்டதைப் பூட்டுவதில் தவறில்லை. ஆனால் மகளின் முதல் இரண்டு ஆண்டுப் போட்டோக்களும் வீடியோக்களும் அந்த லேப்டாப்பில்தான் இருந்தன. போனில் இடம் நிறைந்துபோனதால் லேப்டாப்புக்கு மாற்றிவிட்டு போனில் அழித்திருந்தார். வருமான வரிப் பேப்பர்களும் வீட்டுக் கடன் பேப்பர்களும் அதில்தான். திரும்பக் கேட்டபோது, விதிப்படி லேப்டாப் அழிக்கப்படும், பைல்களை எடுத்துத் தர வழியில்லை என்று பதில் வந்தது. பேப்பர்களை பேங்கிலும் ஆடிட்டரிடமும் மறுபடி வாங்கிவிட்டார். போட்டோக்களில் ஒரு பகுதி தாத்தா, பாட்டியின் வாட்ஸ்அப்பில் சிறிய அளவில் கிடைத்தது. குழந்தை முதன்முதலாக நடந்த வீடியோ கிடைக்கவே இல்லை.

அவருக்கு இன்னொரு தொல்லையும் சேர்ந்து வந்தது. பேங்க் அக்கவுண்டில் கொடுத்திருந்த மொபைல் எண் நிறுவனம் கொடுத்த சிம். அதைத் திருப்பிக் கொடுத்ததும் ஓ.டி.பி. வருவது நின்றுபோனது. வேலை போன மாதத்தில் பேங்க் பேங்காக அலைவது சாதாரண விஷயமில்லை.

எனவே பேங்க், ஆதார், டிஜிலாக்கர், பி.எப். யு.ஏ.என்., வருமான வரித் தளம் ஆகியவற்றில் எந்த மெயில், எந்த எண் உள்ளது என்று இன்றே பாருங்கள். ஆபீஸ் மெயிலோ ஆபீஸ் சிம்மோ இருந்தால் மாற்றுங்கள். சம்பளச் சீட்டு, பாரம் 16, வேலை நியமனக் கடிதம் ஆகியவை உங்களுடையவை. அவை வரும் மாதமே விதிமுறைப்படி உங்கள் சொந்த மெயிலுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி நாளில் மொத்தமாக பென் டிரைவில் காப்பி செய்யப் போனால் யு.எஸ்.பி. போர்ட் தடுக்கப்பட்டிருக்கும். அல்லது தகவல் திருட்டு முயற்சி என்று பதிவாகும்.

லேப்டாப் ஏற்கெனவே கையை விட்டுப் போய்விட்டதா? வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் போனில் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் "லிங்க்ட் டிவைசஸ்" பகுதிக்குச் சென்று அந்தக் கம்ப்யூட்டரை லாக் அவுட் செய்யவும். கூகுள் அக்கவுண்டில் செக்யூரிட்டி பகுதியில் உங்கள் சாதனங்களின் பட்டியல் இருக்கும். அங்கிருந்தும் நீக்கவும்.

சொந்தமாக ஆப் எழுதுபவர்கள், டிசைன் செய்பவர்கள் கவனத்துக்கு ஒன்று. 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, வேலையின் பகுதியாக நீங்கள் உருவாக்குவதன் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உங்கள் முதலாளி. இரவில் சொந்த நேரத்தில் எழுதியதுதான் என்றாலும் அது ஆபீஸ் லேப்டாப்பில் இருந்தால் வீண் வாதத்துக்கு இடம் கொடுத்ததாக ஆகும்.

சொந்தக் கம்ப்யூட்டரில் ஆபீஸ் வேலை

இனி இரண்டாவது வகையினர். இதில் ஆபத்து எதிர்த் திசையில் வருகிறது.

வீட்டுக் கம்ப்யூட்டரில் டீம்ஸ் அல்லது அவுட்லுக் போட்டு ஆபீஸ் மெயில் முகவரியால் லாகின் செய்ததும் ஒரு விண்டோ வரும். எல்லா ஆப்களிலும் இந்த அக்கவுண்டில் தொடரவா என்று கேட்கும். அதில் உங்கள் நிறுவனம் இந்தச் சாதனத்தை நிர்வகிக்க அனுமதிப்பதாக ஒரு வரி இருக்கும். அதன் கட்டத்தில் ஏற்கெனவே டிக் போடப்பட்டிருக்கும். அவசரத்தில் எல்லாரும் ஓகே அழுத்துகிறார்கள். நிறுவனத்தின் அமைப்பைப் பொறுத்து, அந்த ஒரு க்ளிக்கில் உங்கள் காசில் வாங்கிய கம்ப்யூட்டர் அவர்களின் நிர்வாகப் பட்டியலில் சேர்ந்துவிடும். பாஸ்வேர்ட் விதியை விதிப்பது முதல் டிஸ்க்கை அழிப்பது வரை அவர்களால் முடியும்.

அந்த டிக்கை எடுத்துவிட்டு, இந்த ஆப்பில் மட்டும் சைன் இன் செய்யும் வழியைத் தேர்ந்தெடுக்கவும். விண்டோஸ் பதிப்புக்கு ஏற்ப வாசகங்கள் சற்று மாறலாம், நிதானமாகப் படியுங்கள். ஏற்கெனவே ஓகே கொடுத்துவிட்டவர்கள் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், "ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்" என்று வரிசையாகச் செல்லவும். அங்கே ஆபீஸ் அக்கவுண்ட் இருந்தால் க்ளிக் செய்து "இன்ஃபோ" பட்டன் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், என்னென்ன நிர்வகிக்கப்படுகிறது என்ற விவரம் அதில் கிடைக்கும். தேவையில்லை என்றால் "டிஸ்கனெக்ட்" செய்யலாம். ஆனால் ஐடி பிரிவிடம் கேட்ட பிறகு செய்யுங்கள். சில நிறுவனங்களில் இது இல்லாவிட்டால் மெயிலே திறக்காது. அப்படிக் கட்டாயம் என்றால், "அப்படியானால் ஒரு லேப்டாப் கொடுங்கள்" என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

ஆண்ட்ராய்ட் போனில் இந்த ஏற்பாடு நாகரிகமாக இருக்கிறது. வொர்க் புரோபைல் என்று தனிப் பகுதி உருவாகும். அதில் உள்ள ஆப்களில் சிறிய பெட்டி அடையாளம் தெரியும். நிறுவனத்தால் அந்தப் பகுதியை மட்டுமே அழிக்க முடியும். உங்கள் போட்டோக்களை அது பார்க்காது.

இன்னொரு நல்ல ஏற்பாடு விர்ச்சுவல் டெஸ்க்டாப். வேலை எல்லாம் நிறுவனத்தின் சர்வரில் நடக்கும். உங்கள் கம்ப்யூட்டர் அதன் திரையை மட்டும் காட்டும். பைல் எதுவும் வீட்டில் தங்காது. சொந்தக் கம்ப்யூட்டரில்தான் வேலை செய்ய வேண்டும் என்றால் இதைக் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் கம்ப்யூட்டரில் கீலாகர் புகுந்துவிட்டால் இதுவும் பாதுகாக்காது. கீலாகர் என்பது நீங்கள் கீபோர்டில் அடிப்பதை எல்லாம் திருடனுக்கு அனுப்பும் புரோகிராம். பாஸ்வேர்டுகளைப் பாதுகாக்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்துக்கு 2022இல் நடந்தது இதுதான். அதன் மூத்த இன்ஜினியர் ஒருவரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் படம் பார்க்கப் பயன்படும் பிளெக்ஸ் என்ற சாப்ட்வேர் இருந்தது. அதன் ஓட்டைக்கு 2020 மே மாதமே திருத்தம் வெளிவந்திருந்தது. அவர் அப்டேட் செய்யவில்லை. அந்த ஓட்டை வழியாக நுழைந்தவர்கள் கீலாகரை நிறுவி அவருடைய மாஸ்டர் பாஸ்வேர்டை எடுத்தார்கள். நிறுவனத்தின் பேக்கப் வரை போய் வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்ட் பெட்டகங்களின் காப்பியைத் திருடினார்கள். 2023 தொடக்கத்தில்தான் இந்த விவரம் வெளியே வந்தது.

நம் வீடுகளில் பிளெக்ஸ் அதிகம் இல்லை. அதன் இடத்தில் கிராக் செய்த விண்டோஸும் ஆபீஸும் கேம்ஸும் இருக்கின்றன. அசெம்பிள் செய்து வாங்கும்போது "எல்லா சாப்ட்வேரும் போட்டுத் தர்றோம் சார்" என்று இலவசமாகக் கிடைப்பவை இவை. கிராக் பைலை இயக்குவதற்கு ஆன்டி வைரஸை நிறுத்தச் சொல்வார்கள். அந்த நேரத்தில் கூடவே என்ன நுழைந்தது என்று சொல்ல முடியாது. அந்தக் கம்ப்யூட்டரில் ஆபீஸ் வேலையும் வேண்டாம், உங்கள் நெட் பேங்கிங்கும் வேண்டாம்.

ஒரே கம்ப்யூட்டர்தான் இருக்கிறது என்றால்

ஆபீஸ் வேலைக்குத் தனி யூசர் அக்கவுண்ட் உருவாக்குங்கள். செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ் பகுதியில் "அதர் யூசர்ஸ்" மூலம் செய்யலாம். பிள்ளைகளின் அக்கவுண்டை "ஸ்டாண்டர்ட் யூசர்" வகையில் வையுங்கள். அப்போது அவர்களால் உங்கள் போல்டரைத் திறக்கவும் முடியாது, கம்ப்யூட்டர் முழுமைக்கும் புரோகிராம்களை நிறுவவும் முடியாது. இதற்குப் பத்து நிமிடம் போதும். வேலை நடுவே எழுந்தால் விண்டோஸ் கீயுடன் எல் அழுத்தித் திரையைப் பூட்டுங்கள். வாடிக்கையாளருக்குப் பாதி எழுதிய மெயிலை வீட்டுக் குட்டி அனுப்பி வைத்த கதைகள் நிறைய உண்டு.

சிறிய அலுவலகங்களில், குறிப்பாக டேலியில் கணக்கு எழுதும் வேலைகளில், எனிடெஸ்க் மூலம் உங்கள் கம்ப்யூட்டரை அங்கிருந்து இயக்குவார்கள். நீங்கள் ஒவ்வொரு முறையும் அனுமதி கொடுத்து இயக்குவது ஒன்று. பாஸ்வேர்ட் கொடுத்து, நீங்கள் இல்லாதபோதும் நுழைய விடுவது வேறு. இரண்டாவதற்கு உங்கள் கம்ப்யூட்டரில் இடம் கொடுக்காதீர்கள். அந்த வேலையை விட்டதும் எனிடெஸ்க்கை அன்இன்ஸ்டால் செய்யவும்.

தனிக் கம்ப்யூட்டர் எப்படிப்பட்டது?

மெயில், பேங்க், போட்டோ, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்கு 8 ஜிபி ராமும் எஸ்.எஸ்.டி. டிஸ்க்கும் போதும். பழையதை வாங்குபவர்கள் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரா என்று கேளுங்கள். விண்டோஸ் 11க்கு மைக்ரோசாப்ட் வைத்திருக்கும் எல்லை அதுதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதற்கு முந்தைய பிராசசர் உள்ள நல்ல கம்ப்யூட்டர் வீட்டில் சும்மா இருந்தால் லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள். பிரவுசரும் லிப்ரே ஆபீஸும் அதில் நன்றாகவே ஓடும்.

மேஜையில் இடம் இல்லை என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஒரே மானிட்டரில் இரண்டு கம்ப்யூட்டரையும் இணைக்கலாம். பெரும்பாலான மானிட்டர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட இன்புட் இருக்கும். ஒன்றில் ஆபீஸ் லேப்டாப், இன்னொன்றில் வீட்டுக் கம்ப்யூட்டர். கீபோர்டையும் மவுஸையும் மாற்ற யு.எஸ்.பி. ஸ்விட்ச் கிடைக்கிறது. மாலையில் வேலை முடிந்ததும் பட்டனைத் தட்டினால் அதே நாற்காலியில், அதே திரையில் உங்கள் சொந்தக் கம்ப்யூட்டர் வந்துவிடும். வாங்கும் முன் மானிட்டரின் பின்பக்கம் பார்த்து எச்.டி.எம்.ஐ. எத்தனை, டிஸ்ப்ளே போர்ட் எத்தனை என்று குறித்துக்கொண்டு போங்கள்.